அத்தை பெயரில் ஒரு யூசர்

என் மருமகளுக்கு நிதானம் என்று பெயர் வைத்தது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அது காகிதங்களுக்கு. வீட்டில் அவள் நிதானம். கதவைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்தால், அணைந்த அடுப்பை நின்று பார்ப்பாள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பஸ் நிலையத்துப் பார்சல் ஆபீசில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டையர் ஆனவள். பஸ் கிளம்புவதற்குள் மூட்டை ஏறியாக வேண்டும். அங்கே போய் நிதானம் பார்த்தால் மூட்டை ஒரு ஊருக்கும் மூட்டைக்காரர் இன்னொரு ஊருக்கும் போய்ச் சேருவார்கள். அப்படி ஓடியே பழகிய எனக்கு, பூட்டை இரண்டுமுறை இழுக்கிற மருமகள் வந்து வாய்த்தாள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் என் மகன் வாயில் நுழையாத நாலு வார்த்தை சொல்வான். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நான் சொல்வதுதான் எல்லோருக்கும் புரியும். அவள் நடத்துவதும் ஒரு பார்சல் ஆபீஸ்தான், கம்ப்யூட்டருக்குள்ளே. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் பெரிய பெரிய ஃபைல்கள் போக வேண்டும், மெயிலில் ஏறாத அளவுக்குக் கனம். அதற்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் லினக்ஸைப் போட்டு, அதன் மேல் ஃபைலை வாங்கிக் கொடுக்கிற சர்வர் சாஃப்ட்வேரை ஏற்றிக் கொடுப்பாள். வருகிற ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிச் சாவி. தன் அறையில் போடலாம், எடுக்கலாம். பக்கத்து அறையை எட்டிப் பார்க்க முடியாது. சாஃப்ட்வேர் பழசாகிவிட்டால் அதைப் புதுசாக்குவதும் அவள் வேலை. இந்த இரண்டாவது வேலைதான் கஷ்டம் என்பாள். புது வீடு கட்டிவிடலாம், ஆள் குடியிருக்கும்போதே சுவரை மாற்றுவதுதான் பாடு என்பாள்.

எங்கள் இருவருக்கும் முதல் சண்டை வந்திருக்க வேண்டியது அந்த வேலையால்தான். கூடத்தில் மேஜைக்கு அடியில் விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு பெட்டி இருந்தது. பெருக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான் அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பெருக்கி, துடைத்து, ஈரம் காயட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். உள்ளறையிலிருந்து அவள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளரின் ஃபைல்கள் பாதி வழியில் அறுந்து போயிருக்கின்றன. வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக நின்றேன், பதிலுக்குக் கொடுக்கவும் தயாராகத்தான் நின்றேன். அவள் குனிந்து ஒயரைச் செருகினாள். மறுநாள் அந்தப் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘அத்தை, இதை மட்டும் வேண்டாம்.’ சண்டை போட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சர்வரை முடித்துவிட்டு, அதில் உள்ளே போய் ஒரு ஃபைலைப் போட முடிகிறதா பாருங்கள் என்று லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். நான் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். மறுபடி தப்பாக அடித்தேன். உள்ளே போனதும், போடச் சொன்ன சின்னப் படத்தை விட்டுவிட்டு, கை தவறி ஒரு முழு சினிமாவைத் தூக்கிப் போட்டேன். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே அலுத்துப்போய் மூடியை மூடிவிட்டேன். அவள் அத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், இதற்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் இதையேதான் செய்வார்களாம், நன்றாகத் தெரிந்தவர்களை வைத்துச் சோதித்தால் ஒன்றும் வெளியே வராதாம். அன்றிலிருந்து அவள் எந்த சர்வர் போட்டாலும் அதில் அத்தை என்று ஒரு யூசர் இருக்கும். வேலை முடிந்தால் நான் போய் அடித்து, இடித்து, தப்பாகப் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். எனக்கு ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்றுதான் சொல்வேன், முகதாட்சண்யமெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்குக் கிடையாது. நான் ‘போகுது’ என்று சொன்ன பிறகுதான் அவள் வேலை முடிந்ததாக எழுதுவாள்.

பிறகு அவள் வேலை பார்த்த கம்பெனி, அந்தப் பிரிவையே மூடிவிட்டது. ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சொன்னாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் லேப்டாப்பை வைத்து, இனிமேல் தனியாகவே செய்து பார்க்கிறேன் என்றாள். என் மகன் நல்லது என்றான். நானும் நல்லது என்றேன். வாரங்கள் போயின, ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் மேஜையைத் துடைப்பாள், லேப்டாப்பைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி மேஜையைத் துடைப்பாள். நிதானமாக இருக்கிறவள் துவண்டு போனால் வெளியே தெரியாது. எனக்குத் தெரிந்தது. மேஜை அவ்வளவு பளபளப்பாக ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் பல் விவகாரம் வந்தது.

என் முன்பற்களுக்கு நடுவில் ஒரு சந்து உண்டு. பிறவியிலேயே வந்தது. சின்ன வயதில் அதை வைத்துக் கேலி செய்தார்கள், பார்சல் ஆபீசில் அதுவே எனக்குத் தொழில் ஆயுதமாகிவிட்டது. அந்தச் சந்து வழியாக நான் ஒரு விசில் அடித்தால் கடைசி பிளாட்பாரத்தில் கிளம்புகிற பஸ் நிற்கும். மூட்டை தூக்குகிறவர்கள் என்னை விசிலம்மா என்பார்கள். என் வீட்டுக்காரரை எனக்கு முதன்முதலில் தெரிந்ததும் அந்த விசிலால்தான். அவர் கண்டக்டர், நான் நிறுத்திய பஸ் அவருடையது. இறங்கி வந்து சண்டை போட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் கண்ணாடியில் அந்தச் சந்தைப் பார்த்தால் இதற்குத்தானே அவ்வளவு கத்தினார் மனிதர் என்று தோன்றும். ஈறு கெட்டுப்போய் முன்பற்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறவளாக ஆனேன். மகன் பல் டாக்டரிடம் கூட்டிப் போனான்.

அந்த டாக்டரம்மா வாய்க்குள் ஒரு குச்சி போன்ற கேமராவை விட்டுச் சுற்றி எடுத்தார். என் வாய் முழுவதும் திரையில் வந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. இந்த ஃபைலைப் பல் செய்கிற லேபுக்கு அனுப்புவார்களாம், அங்கே மெஷின் அதைப் பார்த்துப் பல்லைக் கடைந்து கொடுக்குமாம். எனக்குச் சந்து வைத்துத்தான் வேண்டும் என்றேன். டாக்டரம்மா சிரித்தார். பழைய போட்டோ ஒன்று கொண்டுவாருங்கள், அதைப் பார்த்து அளவு வைக்கச் சொல்கிறேன், அதுவரை லேபில் நிறுத்தி வைப்பார்கள் என்றார். நான் பல் தெரியச் சிரித்த போட்டோ ஒன்றுதான் உண்டு. ஆபீசில் எல்லோருமாக எடுத்தது, என்னோடு வேலை பார்த்தவர் ஒருவரிடம் இருந்தது. கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்குள் வரவேற்பில் இருந்த பெண் உள்ளே வந்து, ஃபைல் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது, லேபில் இருக்கிற கம்ப்யூட்டர் தினமும் இப்படித்தான் கழுத்தறுக்கிறது என்று அலுத்துக்கொண்டாள். நான் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடியே, என் மருமகள் அந்த வேலைதான் செய்கிறாள் என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படித்தான் அவளுக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்தார். லேப் முதலாளியை நாங்கள் பல் முதலாளி என்போம். உட்கார்ந்து பேசத் தெரியாத மனிதர், நடந்துகொண்டேதான் பேசுவார். நிபந்தனையை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். முதலில் இந்த ஒரு இடத்தில் பழைய சர்வரை மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றிய பிறகு ஒரு மாதம் பார்ப்பார். எந்த டாக்டரிடமிருந்தும் எதுவும் வரவில்லை, காணோம் என்று ஒரு புகாரும் வராவிட்டால் அவருடைய எல்லா லேபுகளையும் அவளே பார்த்துக்கொள்ளலாம். ஒரு புகார் வந்தாலும் முன்னால் இருந்த பெரிய கம்பெனியையே கூப்பிட்டுவிடுவார். அவள் சரி என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், அத்தை, நன்றி என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அன்று அவள் மேஜையைத் துடைக்கவில்லை.

லேபை நானும் போய்ப் பார்த்தேன். சோதிக்கிறவள் நான் இல்லையா. உள்ளே நுழைந்தால் எங்கும் வெள்ளைத் தூள், நாற்காலி, ஜன்னல், டீ கிளாஸ் விளிம்பு உட்பட. கண்ணாடிப் பெட்டிக்குள் மெஷின் கீச்சுக்கீச்சென்று பல்லைக் கடைந்துகொண்டிருந்தது. இன்னொரு மேஜையில் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டிய ஒருவர் மெல்லிய தூரிகையால் பல்லுக்கு மஞ்சள் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் வெள்ளையாகப் பல் கேட்பார்கள், இவர் மஞ்சள் அடிக்கிறாரே என்று கேட்டேன். பக்கத்துப் பல்லோடு சேர வேண்டாமா என்றார். நியாயம்தான். நாங்கள் மாற்ற வேண்டிய பழைய சர்வர் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், தூளும் ஈரமும் அப்பி, தரையில் இருந்தது. என் மருமகள் அதைப் பார்த்து, அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் உச்சுக்கொட்டினாள்.

அந்தச் சாஃப்ட்வேர் அவ்வளவு பழசு. பாஸ்வேர்டையே மூடாமல் திறந்த தபால் அட்டையில் எழுதி அனுப்புகிற மாதிரி அனுப்பிக்கொண்டிருந்ததாம். அதற்குக் கீழே இருந்த லினக்ஸும் பழசு, அதன் மேல் புதுசை ஏற்றினால் நிற்காது. அதனால் பக்கத்திலேயே இன்னொரு மெஷினை வைத்தாள், உயரமான அலமாரியில், தூள் படாமல். அதில் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு வரி அடிப்பாள், நிற்பாள், வாய்க்குள் படிப்பாள், பிறகுதான் என்டரைத் தட்டுவாள். பழைய அமைப்பை ஒருமுறை நகல் எடுத்தாள். நகல் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே கை. அன்றுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் எனக்கு எரிச்சலூட்டுகிற குணத்துக்குத்தான் வெளியே இவளுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்று.

ஒவ்வொரு டாக்டருக்கும் அறை, சாவி எல்லாம் ஆனது. லேபில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டாள். யார் அனுப்புகிறார்கள், எந்த நேரத்தில் கூட்டம் வரும், ஃபைல் எவ்வளவு பெரிசு, பெயர் எப்படி வைப்பார்கள். மஞ்சள் தீட்டுகிறவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பழைய மெஷினில் இருந்ததைப் புதியதற்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினாள். பழைய சர்வரில் பாதியில் அறுந்த ஃபைல்கள் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் காலியாகக் கிடந்தன. அந்தக் காலி ஃபைல்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தூக்கு என்று அதில் ஒரு வரி சேர்த்தாள். எனக்கும் படித்துக் காட்டினாள். காலி மூட்டையை யார் ஏற்றுவார்கள், சரிதான் என்றேன்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மதியத்தில் மாற்றினாள். புது மெஷினுக்குப் பழையதின் முகவரியைக் கொடுத்தாள். ஒரு டாக்டருக்கும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நான் அத்தை என்ற யூசராக என் ஃபோனிலிருந்து உள்ளே போனேன், தப்பாகப் போனேன், மறுபடி போனேன், போட்டேன், எடுத்தேன், பக்கத்து அறையை எட்டிப் பார்க்க முயன்றேன், விடவில்லை. ‘போகுது’ என்றேன். மெஷின் திரையில் புதுப் பற்கள் வரிசையாக வந்து இறங்கின. ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை. பல் முதலாளி நடந்துகொண்டே வந்து பார்த்துவிட்டு, நடந்துகொண்டே போனார். போகும்போது, பரவாயில்லை என்றார்.

சில நாள் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து ஃபோன். அதற்குள் போட்டோவும் கைக்கு வந்திருந்தது. அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். திறந்தால் பல். செய்தே முடித்துவிட்டார்கள். சோளமணி கோத்ததுபோல் வரிசையாக, நெருக்கமாக, ஊசி நுழைய இடமில்லை. வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் யாரோ ஒரு பெரிய மனுஷி இருந்தாள்.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். வரவேற்புப் பெண்ணைப் பார்த்து, லேபில் நிறுத்தச் சொன்னோமே என்றார். அவள், அன்றைக்கே போட்டேன் டாக்டர், எப்போதும்போல சர்வரில் இவங்க ஃபைல் பக்கத்திலேயே வைத்தேன் என்றாள். லேபுக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறேன் என்று டாக்டரம்மா கையை நீட்டினார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் சர்வரில் வைத்த எதுவோ புது மெஷினுக்கு வந்து சேரவில்லை. இந்த ஃபோன் போனால் அதுதான் முதல் புகார். மாதம் பாதிகூட ஆகவில்லை. நான் ஃபோன் மேல் கையை வைத்தேன். இதுவே நன்றாக இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, யாருக்கும் ஃபோன் பண்ண வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சந்து வேண்டும் என்று நாற்காலியில் மல்லாந்தபடி சண்டை போட்டவள்தானே நான். கைப்பையில் இருந்த போட்டோவை வெளியே எடுக்கவே இல்லை.

வீட்டில் ஒரே பாராட்டு. அம்மாவுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது என்றான் மகன். பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டுப் போனாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அதுவும் அவர்கள் செய்து கொடுத்த பல்லை. ஆள் இல்லாதபோது கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது, யாரும் பார்க்கவில்லை என்று விசிலடித்துப் பார்த்தேன். காற்று உதட்டிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் நினைவு வந்து, காயப்போட்ட துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு மாதம் போகட்டும், மருமகளுக்கு வேலை நிலைக்கட்டும், அதற்குப் பிறகும் இந்தப் பல்லோடேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழக்கமில்லாதவள் நான். அது என்ன வேதனை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் என் மருமகள் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள்.

ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, நீங்க ஒரு வாரமா யாரையும் திட்டலை. உடம்புக்கு எதாவது பண்ணுதா?”

ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் லேபுக்குப் போனாள். பழைய மெஷினை அழித்துவிட்டு அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய வேலை மட்டும் பாக்கி இருந்தது. வேறொருத்தியாக இருந்தால் ஒரு கட்டளையில் அழித்துவிட்டு வந்திருப்பாள். இவள், அழிக்கும் முன்னால் பழையதையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். விட்டுப்போனவை காலி ஃபைல்கள் மட்டும்தான், அவளே விடச் சொன்னவை. இருந்தும் அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். பெரும்பாலும் அறுந்துபோன குப்பைதான். ஆனால் சிலவற்றின் பெயர்கள் வேறு மாதிரி இருந்தன. அவசரம் என்று ஒன்று. நிறம் மாற்றவும் என்று ஒன்று. என் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒன்று: நிறுத்தவும், போட்டோ வரும்.

மஞ்சள் தீட்டுகிறவரைப் போய்க் கேட்டிருக்கிறாள். ஆமாம், அதுதானே எங்கள் வழக்கம் என்றாராம் அவர். டாக்டர்கள் இடத்தில் இருக்கிற பெண்களுக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்க நேரமில்லை. அதனால் உள்ளே ஒன்றும் எழுதாமல், பெயரிலேயே சேதியைச் சொல்லி ஒரு காலி ஃபைலைப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இவர்கள் அதைப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். பல வருஷமாக நடக்கிறது. அவள் அத்தனை கேள்வி கேட்டாளே, இதை ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் ஃபைலைப் பற்றித்தானே கேட்டீர்கள், இது ஃபைல் இல்லையே என்றிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆபீசில்கூட, இப்போது ஏற்றாதே என்பதற்கு மூட்டை மேல் வெறும் சாக்கை மடித்துப் போடுவோம். புதிதாக வருகிறவர்களிடம் அதையெல்லாம் யார் சொன்னார்கள்? பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். காலி மூட்டையை யார் ஏற்றுவார்கள் என்று அவளிடம் சொன்னபோது அந்தச் சாக்கு என் நினைவுக்கே வரவில்லை.

மதியம் லேப்டாப்போடு நேரே சமையலறைக்கு வந்தாள். திரையில் என் பெயரும் பக்கத்தில் அந்தச் சேதியும் இருந்தன.

“இது உங்களுக்குத் தெரியுமா அத்தை?”

“பல்லு வந்த அன்னைக்கே தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“மாசம் முடியட்டும்னு இருந்தேன். உனக்கு வேலை கிடைக்கட்டும். இந்தப் பல்லுக்கு என்ன, மெல்ல வருது இல்ல.”

அவள் லேப்டாப்பை மூடினாள். கோபப்பட்டு நான் அவளைப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன்.

“நான் போட்டது எது ஓடுது, எது ஓடலைன்னு நான் நம்புறது உங்களைத்தான் அத்தை. என் முகத்துக்காக நீங்க ஒருநாளும் சரின்னு சொன்னதில்லை. நீங்களே மறைச்சுட்டா, அப்புறம் நான் யாரைக் கேட்பேன்?”

அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் நம்பிக் கொடுத்த ஒரே வேலையில் கோட்டை விட்டிருக்கிறேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தப்புதான் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் காயை நறுக்கினாள். நறுக்கி முடித்ததும், நாளைக்குப் பல் முதலாளியைப் பார்க்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் லேபில் பல் முதலாளியை நிற்க வைத்துப் பேசியது அவள்தான். தான் எழுதிய எந்த வரியால் எது விட்டுப்போனது, விட்டுப்போனவற்றில் எவை சேதிகள், எவை ஏற்கெனவே ஃபோனில் பேசித் தீர்ந்தவை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிறம் மாற்றச் சொன்ன பல் இன்னும் மெஷினுக்குப் போகவில்லை, காலையிலேயே நிறுத்திவிட்டாள். தப்பாகச் செய்து முடித்தது ஒன்றே ஒன்று, அது என்னுடையது. யார் மேலும் பழி போடவில்லை. காலி ஃபைல் வழக்கத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பதைக்கூட அவள் சொல்லவில்லை. மஞ்சள் தீட்டுகிறவர்தான் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து வந்து, நாங்கள் சொல்லவில்லை சார் என்றார். அப்படி ஒரு வழக்கம் தன் லேபில் இருப்பதே பல் முதலாளிக்கு அன்றுதான் தெரியும்.

அவர் என்னிடம் திரும்பினார்.

“ஏம்மா, உங்க பல்லுதானே. நீங்களே ஏன் புகார் பண்ணலை?”

“என் வாய், என் இஷ்டம்” என்றேன்.

அவர் சுவர் வரை நடந்து திரும்பி வந்தார். என் மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய கம்பெனிக்காரன் மூன்று வருஷம் இங்கே வேலை பார்த்தான், எது காணாமல் போனாலும் உங்கள் பக்கம்தான் தப்பு என்பான் என்று அவர் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு, ஒரு புகார் வந்தால் கணக்கு முடிந்தது என்று தான் சொன்னது சொன்னதுதான் என்றார். என் மருமகள் தலையாட்டினாள். அந்த மாதம் முடிந்தது, நாளையிலிருந்து புதிதாக ஒரு மாதம் எண்ணுவோம் என்றார். சொல்லிவிட்டு நடந்துகொண்டே போய்விட்டார். அவள் ஸ்டூலில் ஏறி, அலமாரியில் இருந்த மெஷினில் வேலையைத் தொடங்கினாள்.

காலி ஃபைல்களை ஒதுக்குகிற அந்த வரியை எடுத்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாள். இனி சேதியை உள்ளே எழுதி வையுங்கள் என்று எல்லா டாக்டர் இடங்களுக்கும் சொல்லிவிடலாமே என்று மகன் கேட்டான். அவர்களுக்குப் பழகின வழியை மாற்ற நான் யார், யார் எதை வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அதுதான் என் வேலை என்றாள். அந்த வாரம் என்னை உட்கார வைத்து, அத்தை என்ற யூசராக ஒரு காலி ஃபைலை வைக்கச் சொன்னாள். வைத்தேன். அவளுக்குத் தெரியாமல் அதற்கு ஒரு பெயரும் கொடுத்தேன்: நிதானம் தங்கம். லேபில் மஞ்சள் தீட்டுகிறவர் அதைப் படித்துவிட்டு, இது எந்த நோயாளியுடையது என்று ஃபோன் போட்டுக் கேட்டாராம்.

போட்டோ போனது. கூட்டத்தின் நடுவில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற போட்டோ. அதை வைத்து அளவெடுத்து, மறுபடி கடைந்து, பக்கத்துப் பற்களோடு சேரும்படி மஞ்சளும் தீட்டி அனுப்பினார்கள். பெட்டியை டாக்டரம்மாவிடமிருந்து வாங்கி வந்தது என் மருமகள்தான். கூடத்தில் என்னை உட்கார வைத்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். சர்வரைச் சோதிக்கும்போது உட்காருவாளே, அதே மாதிரி.

“டெஸ்ட் பண்ணுங்க அத்தை.”

வைத்தேன். நாக்கால் தடவினேன். சந்து இருந்தது. முதல் தடவை ஊதியபோது வெறும் காற்றுதான் வந்தது. “வரலை” என்றேன். அவள் முகம் மாறவில்லை, மறுபடி பார்க்கச் சொன்னாள். நாக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, பஸ் கிளம்பப் போகிறது என்று நினைத்துக்கொண்டு ஊதினேன். விசில் கிளம்பி வீட்டைக் கிழித்தது. குளியலறையிலிருந்து மகன் என்ன ஆச்சு என்று கேட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

“போகுது” என்றேன்.

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டுகிற வழக்கத்தில் நான் உள்ளே இருப்பதையும் மறந்து வெளியே பூட்டி, இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டு லேபுக்குப் போனாள். பழைய மெஷினை அன்றைக்குத்தான் அழித்தாள்.